எல்லாம் பாஸ்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து அடைச்சிருங்க அண்ணாச்சி. முன்னால ஒருத்தன் வெத்தலையைக் குதப்பிக்கிட்டுத் துப்பிக்கிட்டே வாரான். காத்து நம்ம மூஞ்சிக்குத்தான் வரும். சீ. மனுசன் குளிச்சுத் திருநீறு பூசிட்டு வெளிய வந்தா, ஊர் எல்லையைத் தாண்டுததுக்குள்ள எவனாவது எச்சியில அபிசேகம் பண்ணிருதான்.

நீங்க எதுவரைக்கும்? பாவநாசமா. நல்லது, சாவகாசமாப் பேசிக்கிட்டே போலாம். நான் வீரவநல்லூர்ல இறங்கணும். ஒரு சோலி. சோலின்னா, நான் பாக்க வேண்டிய சோலி இல்ல. சவத்த விடுங்க, சொல்லுதேன்.

என் பேரு காந்திமதிநாதன். டவுன்ல பத்திர எழுத்தர் உலகநாதன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. வீடு, மனை, வயக்காடு எதை வித்தாலும் வாங்கினாலும் பத்திரம் அவரு ஆபீஸ்லதான். அங்கன கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. பதினோரு வருசமா. முன்னால ஹால்ல நாலு மிஷின், டைப் பண்ணுத பிள்ளைக உக்காந்திருக்கும். பின்னால ஏசி ரூம்ல ஒண்ணு, அது மெயின். நெட்டு வெளிய இருந்து வந்து மெயின்ல ஏறி, அங்கன இருந்துதான் ஹாலுக்குப் பிரிஞ்சு போகும். அந்த மெயினுக்குள்ள ஒரு நெட்வொர்க் கார்டு இருக்கு பாத்துக்கிடுங்க, உள்ளங்கை அகலந்தான். அது நின்னா ஆபீஸே நின்னுரும். அந்த ரூமுக்குள்ள செருப்போட ஒருத்தரும் வரக்கூடாது. மொதலாளியே வெளிய கழட்டிப் போட்டுட்டுத்தான் வருவாரு. சாவி என் இடுப்புல.

அந்தக் கார்டு நல்லா இருக்கா, நோவுல இருக்கான்னு பாக்கதுக்குன்னே ஒரு டெஸ்ட் புரோகிராம் உண்டு. நான் ஒரு நாளும் தவற விட்டதில்ல. புரோகிராமைத் திறந்ததும் மஞ்சக் கலர்ல இங்கிலீஷ்ல நாலு வரி வரும். எல்லாப் புரோகிராமும் அப்படித்தான், எதையாவது சொல்லிப் பயமுறுத்தும். ஓகேன்னு ஒரு தட்டு தட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும். பொறவு ஒவ்வொரு டெஸ்ட்டா ஓடும். கார்டோட ஞாபகம் சரியா இருக்கான்னு ஒரு டெஸ்ட். லைட்டு எரியுதான்னு ஒரு டெஸ்ட். கடைசியில ஒண்ணு, லூப்பேக்னு பேரு. அதுல என்னன்னா, கார்டு தானே ஒரு சேதியைச் சொல்லி, அதைத் தானே கேட்டுக்கிடும். வெளியாளு ஒருத்தரும் வேண்டாம். தான் சொன்னது தனக்குச் சரியாக் கேட்டுச்சுன்னா பாஸ். எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட்டு அண்ணாச்சி அது. ஒரு நாளும் ஃபெயிலானதில்ல.

இதெல்லாம் நான் கண்ட நேரத்துல ஆரம்பிக்க மாட்டேன். காலண்டர் தாளைப் பாத்து, நல்ல நேரம் எப்பம்னு பாத்துத்தான். வியாழன்னா பத்தரைக்கு, வெள்ளின்னா ஒம்பதரைக்கு, அந்தந்த நாளுக்கு என்ன போட்டிருக்கோ அப்பம். ராகுகாலத்துல மிஷினைத் தொட மாட்டேன், எமகண்டத்துல சத்தியமாத் தொட மாட்டேன். மெயின் மேல ஒரு பொட்டு வச்சு, ஓகேன்னு தட்டிட்டு, ரூமைப் பூட்டிட்டு டீ குடிக்கப் போயிருவேன். திரும்பி வந்தா எல்லாத்துக்கும் நேரா பச்சை டிக் விழுந்திருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஃபைல்ல வச்சிருவேன். அதுல ஒரு நிம்மதி.

இந்த ஆவணி பொறந்துது. உங்களுக்குத் தெரியாததா. ஆடி மாசம் பூரா ஈ ஓட்டிக்கிட்டு இருப்போம், ஒருத்தன் மனை வாங்க மாட்டான். ஆவணி பொறந்தா கால் வைக்க இடம் இருக்காது. இப்பம் எல்லாம் கம்ப்யூட்டர் வழிதானே. பத்திர விவரத்தைப் பூரா டைப் பண்ணி நெட்டுல அனுப்பினாத்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் கிடைக்கும். டைப் பண்ணவே முக்கா மணி நேரம் ஆகும். சனங்க முன்னாலயே வந்து டைப் பண்ணச் சொல்லிட்டு, கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். நல்ல நேரம் பொறந்ததும், "ம், அனுப்பும்மா"ன்னு தலையாட்டும். அந்த நேரத்துலதான் பட்டனைத் தட்டணும்.

தட்டினா, போகலைன்னா.

திரை அப்படியே நின்னு போகுமாம். டைப் பண்ணினது பூராவும் அழிஞ்சு, டோக்கனை வேற எவனோ கொண்டுக்கிட்டுப் போயிருவானாம். நெட்டு நிக்கி, நெட்டு நிக்கின்னு ஹால்ல ஒரே கூப்பாடாம். ஏன் போகுமாம், போயிருவானாம்னு சொல்லுதேன்னா, நான் என் கண்ணால ஒரு நாளும் பாத்ததில்ல. நான் டீ குடிச்சுட்டு வந்து பாக்கும்போது நெட்டு சும்மா தண்ணி மாதிரி ஓடும். ஒண்ணு ரெண்டு தடவைன்னா நம்பலாம். தெனமும் நான் இல்லாதப்பப் பாத்து நிக்கும், நான் வந்ததும் ஓடும்னா, எவன் நம்புவான்?

சரி, குறைன்னு சொல்லுதாங்களே, நாம சும்மா இருக்கக் கூடாதுல்லா. முன்னால அஞ்சு சுத்து டெஸ்ட் போட்டுக்கிட்டு இருந்தேன். இருபது சுத்தாக்கினேன். அப்பவும் நிக்கின்னாங்க. அம்பது சுத்தாக்கினேன். அம்பது சுத்துன்னா இருபத்தஞ்சு நிமிசம் ஓடும் பாத்துக்கிடுங்க. முன்ன ரெண்டு நிமிசம் நிக்கின்னு சொன்னவங்க, இப்பம் அரை மணி நேரம் நிக்கின்னாங்க. நாக்குல நரம்பு இல்லைன்னா என்ன வேணாலும் பேசலாம்.

அதுல ரொம்பப் பேசினது பியூலான்னு ஒருத்தி. டைப் பண்ணுத பிள்ளைகள்ல மூத்தவ, நாப்பது இருக்கும். நாசரேத்துப் பக்கம். ரெண்டு வருசமாத்தான் நம்ம ஆபீஸ்ல இருக்கா. வீட்டுக்காரர் மேலுக்கு முடியாம கெடக்காரு, இவ சம்பளத்துலதான் அந்த வீட்டுல அடுப்பு எரியுதுன்னு சொல்லிக்கிடுவாங்க. ஆளு பாக்கப் பரவால்ல. ஆனா அந்த மேசையைப் பாக்கணுமே. மத்தியானம் சாளை மீன் கொழம்பு ஊத்தித் தின்னுட்டு அந்தக் கையோட மவுசைப் பிடிப்பா. கழுவிட்டுத்தான் பிடிக்கேன்னு சொல்லுவா. கழுவினா வாடை போயிருமா? எனக்கு அந்த மவுசைத் தொடணும்னா பேப்பரைச் சுத்தித்தான் தொடுவேன்.

ஒரு வியாழக்கிழமை அண்ணன் தம்பி ரெண்டு பேரு வந்தாங்க. குடும்பச் சொத்துல தகராறு, ஒம்பது வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யாரோ பேசிப் பேசிச் சரிக்கட்டி, தம்பி விட்டுக் குடுத்துக் கையெழுத்துப் போடுதேன்னு வந்திருக்கான். ஆளுக்கொரு மூலையில உக்காந்திருக்கானுவ, மூஞ்சியப் பாக்காம. பத்தரைக்கு நல்ல நேரம். பியூலா விரலைப் பட்டன் மேல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாம். நானும் பத்தரைக்குப் பொட்டு வச்சு அம்பது சுத்தைத் தட்டி விட்டுட்டு டீக்கடைக்குப் போயிட்டேன்.

வந்து பாத்தா அண்ணங்காரன் கத்துதான். தம்பி எந்திரிச்சுப் போயிட்டான். சகுனம் சரியில்ல, நல்ல நேரத்துலயே தடங்கல் வந்துட்டு, இந்தக் கையெழுத்து நமக்கு ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டானாம். ஒம்பது வருசப் பகை அந்தால தொடர்ந்துது. அண்ணங்காரன் மொதலாளி மேசையை ஓங்கித் தட்டி, "ஒம்ம ஆபீஸ்ல வேலை தெரிஞ்ச ஆளே இல்லையா வே"ன்னுட்டான்.

மொதலாளிக்கு அது சுருக்குன்னு பட்டுட்டு. என்னையக் கூப்பிட்டு, "காந்திமதி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லும். கோளாறு மிஷின்லயா, ஆளுட்டயா?" ன்னு கேட்டாரு.

நான் வாயால ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கு எடுத்த பிரிண்டை அப்படியே நீட்டினேன். அம்பது சுத்து, அம்பதும் பாஸ். கீழ என் கையெழுத்து. மிஷின்ல கோளாறு இல்லைன்னா எங்க இருக்குன்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டாரு. மாசக் கடைசியோட நின்னுக்கோம்மான்னு பியூலாட்ட சொல்லிட்டாரு. அவ அழலை, ஒண்ணும் செய்யலை. "மாசக் கடைசிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்குல்லா சார்"ன்னு மட்டும் கேட்டா. அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கலை.

பதினாறு நாளும் அவ என்ன செஞ்சான்னு நெனைக்கீய? செவுத்துல தொங்குத காலண்டர்ல நாம கிழிச்சுப் போடுத தாளைக் குப்பையில இருந்து பொறுக்கியிருக்கா. குப்பைக் கூடையில இருந்து, கேட்டீயளா. எச்சித் தாளு, டீத்தூளு எல்லாம் கெடக்கும் அதுல. அதைத் தொடச்சு, முதுகுல பேனாவால எழுதி வச்சிருக்கா. எனக்கு இப்பம் சொல்லும்போதே மேலெல்லாம் கூசுது.

ஒரு வெள்ளிக்கிழமை, மணி பதினொண்ணு. சுத்த ராகுகாலம். மொதலாளி கூப்பிடுதாருன்னாங்க. போனா, மேசை மேல அந்தத் தாளைப் பரப்பி வச்சிருக்கா. பன்னெண்டு தாள். ஒவ்வொண்ணுலயும் நெட்டு நின்ன மணி, வந்த மணி.

மொதலாளி ஒரு தாளை எடுத்துத் திருப்பினாரு. "இங்க பாரும் வே. பின்னால இவ எழுதியிருக்கிற நேரமும், முன்னால அச்சடிச்சிருக்கிற நல்ல நேரமும் ஒண்ணு. பன்னெண்டு நாளும் ஒண்ணு. நல்ல நேரம் மாறினா இதுவும் கூடவே மாறுது. என்ன வே இது?"

"இந்தக் காலத்துல நல்ல நேரத்துக்கே மதிப்பு இல்லாமப் போச்சு மொதலாளி"ன்னேன்.

பியூலா மெதுவாப் பேசினா. "நான் ராகுகாலம் பாக்கதில்ல சார். அந்த நேரத்துல யாரும் வரலையேன்னு எங்க சபைக்காரங்க பத்திரத்தை ஒரு நாள் ராகுகாலத்துல அனுப்பினேன். வழுக்கிக்கிட்டுப் போச்சு. மறுநாளும் போச்சு. அப்பந்தான் எழுதி வைக்க ஆரம்பிச்சேன். காந்திமதி சார் டீ குடிக்கப் போற நேரமும் இதுதான் சார்."

என் டீயை நோட்டம் விட்டிருக்கா அண்ணாச்சி. ஒரு மனுசன் எப்பம் டீ குடிக்கான், எப்பம் ஒண்ணுக்குப் போறான்னு பாத்து எழுதுதது ஒரு பொழப்பா? த்தூ.

மொதலாளி என்னைய ஏற இறங்கப் பாத்தாரு. "அந்த டெஸ்ட்டை இப்பம் போடும். நாங்க ஹால்ல நின்னு பாக்கோம்"னாரு.

ராகுகாலத்துலயா? முடியாதுன்னுட்டேன். பன்னெண்டு மணி ஆகட்டும்னேன். அவரு கேக்கலை. மூணு தடவை சொன்னாரு, நான் மூணு தடவை முடியாதுன்னேன். கடைசியில கையை நீட்டிச் சாவியைக் கேட்டாரு. பதினோரு வருசத்துல முதல் தடவையா என் இடுப்புல இருந்து சாவி இறங்குது. அதை வாங்கி பியூலா கையில குடுத்தாரு. அந்தச் சாளைக் கையில.

அவ செருப்பை வெளிய கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போனா, அது வாஸ்தவம். புரோகிராமைத் திறந்தா. மஞ்சக் கலர்ல நாலு வரி வந்துது. அவ தட்டலை. உக்காந்து படிக்கா. பொறவு மொதலாளியத் திரும்பிப் பாத்து, "இந்த டெஸ்ட் ஓடி முடியுத வரைக்கும் இந்தக் கார்டு வழியா ஒண்ணும் போகாது, வராது. எல்லாரும் வேலையை முடிச்சுட்டாங்களான்னு பாத்துட்டு ஆரம்பிங்கன்னு போட்டிருக்கு சார்"ன்னா.

தட்டினா. ஹால்ல நாலு திரையும் ஒண்ணா நின்னு போச்சு. நான் என் கண்ணால பாத்தது அன்னைக்குத்தான். இருபத்தஞ்சு நிமிசம் ஒரு திரையும் அசையலை. டெஸ்ட் முடிஞ்சுது. எல்லாம் பாஸ். நெட்டு வந்துட்டு.

நான் சிரிச்சுட்டேன். பின்ன என்ன? ராகுகாலத்துல தொட்டா நிக்காம என்ன செய்யும்? தொடாதீங்க, தொடாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டது இதுக்குத்தானே. இதை அங்க வச்சுச் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கலை. மூஞ்சி மூஞ்சியாப் பாத்துக்கிடுதாங்க.

அன்னையில இருந்து டெஸ்ட் கிடையாதுன்னுட்டாரு. மூணு வாரம் ஆச்சு. நெட்டு நிக்கலைன்னு சொல்லுதாங்க. நிக்கலைதான், நான் இல்லைங்கலை. ஏன் நிக்கலை? பதினோரு வருசம் விடாம டெஸ்ட் பண்ணிப் பண்ணி நான் பக்குவப்படுத்தி வச்ச கார்டு. அந்தப் பலன் மூணு வாரத்துல போயிருமா? ஆனா பேரு யாருக்கு? பியூலாவுக்கு. மாசக் கடைசி வந்துது, அவ போகலை.

சரி, அதோட விட்டுருக்கலாம்லா. அவளுக்குத்தான் வேலை நிலைச்சாச்சே. டெஸ்ட்டை நிப்பாட்டின அன்னைக்குச் சாயங்காலமே என்ட்ட வந்து நின்னு, "சார், வடிவக்கா போனப்பவும் இந்த டெஸ்ட்தான் பண்ணினீயளா?" ன்னு கேட்டா.

வடிவுன்னா சண்முகவடிவு. பியூலாவுக்கு முன்ன அந்த நாற்காலியில ஏழு வருசம் இருந்தவ. வீரவநல்லூர்க்காரி. ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு தை மாசம், இதே கதைதான். பத்திரம் போகலை போகலைன்னா, நான் டெஸ்ட்டைக் கூட்டினேன், ரிப்போர்ட் குடுத்தேன், மொதலாளி அவளை நிப்பாட்டிட்டாரு. பொறவு நான் பழையபடி அஞ்சு சுத்துக்கே வந்துட்டேன். அவ இவளை மாதிரி இல்ல. மேசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதா. கண்ணீரும் சளியுமா கீபோர்டு மேல சொட்டுது. அவ போனப்பொறவு ஸ்பிரிட்டைத் தொட்டு அந்தக் கீபோர்டை நான்தான் ஒவ்வொரு கட்டையாத் தொடச்சேன். வேற யாரு செய்வா?

"ஆமா, அப்பவும் எல்லாம் பாஸ்தான். ஃபைல்ல இருக்கு, வேணும்னா பாத்துக்கோ"ன்னேன் பியூலாட்ட. ஆனா மொதலாளி அந்தப் பக்கம் நின்னு கேட்டிருக்காரு. மனுசன் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு, ரொம்ப நேரம்.

வடிவு இப்பம் வீட்டுல பீடி சுத்துதாளாம். பியூலாதான் விசாரிச்சுச் சொன்னா. இந்த மூணு வாரமா மொதலாளி போன் போட்டுப் போட்டுப் பாத்தாரு, நம்பர் மாறிப் போச்சு. கடைசியில ஒரு லெட்டர் எழுதி, கவர்ல போட்டு, என் கையில குடுத்துட்டாரு. தபால்ல போடலாமேன்னேன். "ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டது நீருதானே. நீரே போய் அவ வாசல்ல நின்னு, உன் மேல குத்தம் இல்லைன்னு உம்ம வாயால சொல்லிட்டுக் குடும்"னாரு. திங்கக்கிழமை அந்த நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி போடுதாராம். அவ வந்தா அவளுக்கு. அன்னைக்கு வரலைன்னா வேற ஆளை எடுத்துருவாராம்.

இந்தாங்க, நீங்களே பாருங்க. ஒட்டலை, பிரிச்சுப் படிங்க. என்ன எழுதியிருக்காரு பாத்தீயளா? 'தவறு முழுவதும் எங்களுடையது'. எங்களுடையதாம். யாரு அந்த எங்கள்?

நான் போய் நிக்கணும். அந்தத் தெருவுல, அந்தப் பீடித் தூளு வாடையில, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு. கார்டு அம்பதுக்கு அம்பது பாஸ் பண்ணியிருக்கு, நான் என்னன்னு சொல்ல? பொய் சொல்லச் சொல்லுதாரு அண்ணாச்சி. இந்த வயசுல.

சேரன்மாதேவி தாண்டியாச்சா? அப்பம் அடுத்தது நம்ம ஸ்டாப்புதான். நம்மன்னா என்ன, நான் இறங்கலை. காலையிலயே முடிவு பண்ணிட்டேன். அம்பாசமுத்திரம் வரைக்கும் போயி ஒரு காப்பியக் குடிச்சுட்டு, அடுத்த பஸ்ல திரும்பிருவேன். கதவு பூட்டிக் கெடந்துது, பக்கத்துல விசாரிச்சேன், ஊரை விட்டே போயிட்டாங்களாம்னு சொல்லிட்டா முடிஞ்சுது. பதினோரு வருசமா நான் சொன்னதை ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்ல.

வீரவநல்லூர் வந்துட்டு. இறங்குதவங்களுக்கு வழி விடுங்க அண்ணாச்சி, காலை மடக்கிக்கிடுங்க.

என்ன, நீங்க எந்திரிச்சுட்டீய? உங்க டிக்கெட் பாவநாசத்துக்குல்லா? தண்ணி கிண்ணி வாங்கணுமா, பஸ் அஞ்சு நிமிசம் நிக்கும், அதுக்குள்ள வந்துருங்க. பையை ஏன் எடுக்கீய? அட, கவரைக் குடுத்துட்டுப் போங்க. அண்ணாச்சி, அது என் கவரு. அதுல விலாசம் இருக்கு, வடக்குத் தெருன்னு. அதை வச்சு நீங்க என்ன செய்யப் போறீய? அவளை உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுல்லா? பின்ன உங்களுக்கு என்ன?

கண்டக்டர், விசில் அடிக்காதீங்க. அந்த ஆளு என் கவரைக் கொண்டுக்கிட்டு இறங்கிப் போறாரு. நான் எதுக்கு இறங்க, எனக்கு அம்பைக்கு ஒரு டிக்கெட் குடுங்க. பாத்தீயளா, திரும்பிக் கூடப் பாக்காமப் போறாரு. இவ்வளவு தூரம் தலையாட்டித் தலையாட்டிக் கதை கேட்டுட்டு. சே, யாருட்ட என்னத்தச் சொல்லுதது இந்தக் காலத்துல.